அரை ஷிப்ட்

மங்கலம் ரோட்டில், நூல் குடோனுக்கு மேல்மாடி
எங்கள் சபை.
காணிக்கைப் பையைக் கவிழ்த்தால்
பத்து ரூபாய்த் தாள்களோடு
பஞ்சுத் தூசும் விழும்.
எண்ணி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு தும்மல்.
பொருளாளர் சாந்தப்பன்
அதையும் வரவில் எழுதுவார்போல் பார்ப்பார்.

போன ஞாயிறு
திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரர்களைப் பற்றிப் பேசினேன்.
விடியலில் வந்தவனுக்கு ஒரு பணம்,
பொழுது சாய வந்தவனுக்கும் அதே பணம்.
கிருபை என்றேன். மறுபடியும் கிருபை என்றேன்.
மூலையில் ஸ்டாண்ட் ஃபேன் மட்டும்
இல்லை, இல்லை என்று
இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

படியிறங்கும்போது மரகதமணி நிறுத்தினாள்.
ஓவர்லாக் டெய்லர், ஒன்பது வருசமாய்.
"ஏனுங் பாஸ்டர்,
கடேசியா வந்தவனுக்கு அந்த மொதலாளி
என்னத்துக்கு மொதல்ல குடுத்தாரு?
காலைல வந்தவங்களுக்குக் குடுத்து அனுப்பிச்சிருந்தா
அவிங்க பாட்டுக்கு வூட்டுக்குப் போயிருப்பாங்கல்லங்?
நிக்க வச்சில்ல பாக்க வச்சாருங்."

வேதாகமக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன்.
இந்தக் கேள்விக்கு வகுப்பு நடந்த ஞாபகமில்லை.
"யோசிச்சுச் சொல்றேம்மா."
"சொல்லுங்" என்று
செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடப் போய்விட்டாள்.

வாரமெல்லாம் யோசித்தேன் என்றால் அது பொய்.
திங்கட்கிழமை சிலிண்டர் தீர்ந்தது.
புதன்கிழமை ராக்கியாபாளையத்தில் ஒரு சாவு:
பெட்டிக்குக் குழி அரைச்சாண் பத்தவில்லை,
கடப்பாரை வரும்வரை வெயிலில் நின்று
தெரிந்த பாட்டையெல்லாம் பாடினோம்,
தெரியாததையும்.
வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்.
எனக்குப் பசித்தது.
அன்று நான் கர்த்தரிடம் மனதாரச் சொன்னது
அது ஒன்றைத்தான்.

இந்த ஞாயிறு மரகதமணியின் பாய் காலி.
"ஷிப்மெண்ட் அவசரங், இன்னைக்கும் ஓடுது" என்றாள்
பக்கத்து வீட்டு ரூத்.
இராப்போஜன ஞாயிறு அது.
அவள் பங்கு அப்பத்தை டிபன் டப்பாவில் வைத்தேன்,
மருந்து பாட்டிலைக் கழுவி, அதில் ரசம்.
நொய்யல் பாலத்தில்
தண்ணீர் இன்றைக்கு என்ன நிறம் என்று
வழக்கம்போல் எட்டிப் பார்த்து
வழக்கம்போல் ஒன்றும் சொல்லாமல்
ஸ்கூட்டரை விட்டேன்.

கம்பெனி வாசலில் மணி ஐந்தரை.
முழு ஷிப்ட் முடிந்து
அரை ஷிப்ட் தொடங்குமுன்
கால் மணி நேரம் டீக்கு விடுவார்கள்.
அந்தத் தோட்டக்காரர் கடைசியாய் ஆள் தேடி
கடைவீதிக்குப் போனதும் ஏறக்குறைய இந்நேரம்தான்.
நான் அதைக் கவனித்ததே இப்போதுதான்.

வாட்ச்மேன் நோட்டை நீட்டினார்.
பெயர். நேரம். வந்த காரணம்.
மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது.

மரகதமணி வந்தாள், புருவமெல்லாம் வெள்ளைப் பஞ்சு.
கூடவே ஒரு கைமடிப் பெண்,
மயூர்பஞ்சிலிருந்து வந்து இருபது நாள்,
பெயர் பூல்மணி.
டீக்கடை பெஞ்சுக்குப் பின்னால்
சின்னதாய் ஜெபித்து, அப்பத்தைக் கொடுத்தேன்.
அவள் அதை இரண்டாய்ப் பிட்டாள்.
"இவளும் காலைல இருந்து நிக்கறாளுங்."

எனக்குள் போதகர் எழுந்து தொண்டையைச் செருமினார்:
ஞானஸ்நானம் இல்லை,
பாடம் படிக்கவில்லை,
இது என்னவென்றே இந்தப் பிள்ளைக்கு...
அவர் சட்டத்தைப் புரட்டி முடிப்பதற்குள்
பூல்மணி தின்றுவிட்டுச்
சுடிதாரில் கையைத் துடைத்துக்கொண்டாள்.
தன் மொழியில் என்னமோ கேட்டாள்.
"இன்னும் இருக்குதான்னு
கேக்கறாளாட்ட இருக்குதுங்."

டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன்.
ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.
அதையும் எடுத்துக்கொண்டாள்.

பெல் அடித்தது.
"உன் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கல" என்றேன்.
"இருக்கட்டுங், நான் வர்றனுங்" என்று ஓடினாள்.

வண்டியை எடுக்கையில் நோட்டைப் பார்த்தேன்.
நான் காலியாய் விட்ட கட்டத்தில்
வாட்ச்மேன் எழுதியிருந்தார்:
டெலிவரி.